நிறுத்துங்க, மாப்பிள்ளை

காரின் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, கால்களைக் கதவுக்கு வெளியே நீட்டி, மல்லாந்து கிடந்தான் செட்டு மாப்பிள்ளை. பல்லிடுக்கில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். வீட்டுக்குள் கூடத்தில் அவனுடைய மாமனார் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, யாரைப் பற்றி முதலில் பேசுவது என்பதில் சிறு குழப்பம் இருந்தது.

"மாமனார் காலையில போயிருக்கார். மாப்பிள்ளை பாட்டுப் பெட்டியைக் கழட்டிக்கிட்டு இருக்கார்" என்றார் பக்கத்து வீட்டுத் தையல்காரர். மெதுவாகப் பேசுவதாக அவர் நினைப்பு.

"விடுங்க. துக்கம் சில பேருக்குக் கண்ணுல வரும், சில பேருக்குக் கையில வரும்" என்றார் சித்தப்பா. அவர் இறந்தவரின் தம்பி. அண்ணன் மகன் வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும்; அதுவரை வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடுவதும் சமாதானம் சொல்வதும் அவர் பொறுப்பாகிவிட்டது.

செட்டு மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து சாவியைத் திருகினான். எஞ்சின் உறுமியது. சாவு வீட்டு வாசலில் கார் உறுமினால் எப்படி இருக்கும்? கூடத்தில் அழுகை ஒரு கணம் நின்றது, பிறகு இன்னும் பலமாகத் தொடர்ந்தது. தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

கார்களுக்குப் பாட்டு செட்டு பொருத்துவது அவன் தொழில். கல்யாணமான புதிதில் மனைவி வீட்டில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. செட்டும் ஸ்பீக்கரும் யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். மாட்டியபின் வருகிற இரைச்சலைப் பிடிப்பதில்தான் ஆளின் வண்டவாளம் தெரியும் என்பான். எஞ்சின் ஓடும்போது ஸ்பீக்கரில் ஙொய் என்று ஒரு முனகல் வரும். ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அதுவும் கூடவே ஏறும். அப்படி ஏறினால் அது டைனமோவிலிருந்து வருகிறது, எங்கோ எர்த் சரியில்லை என்று அர்த்தம். அதைப் பிடிக்க அவனிடம் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே போவான். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன்.

ஊரில் உள்ள வண்டிகளிலெல்லாம் திருடனைப் பிடித்தவன் தன் வண்டியில் மட்டும் அவனைக் குடிவைத்திருந்தான். "ஊரார் வண்டியை ஊட்டி வளர்த்தா தன் வண்டி தானா வளரும்னு நினைப்பு" என்று மனைவி குத்திக்காட்டுவாள். அவனும் சிரித்துக்கொண்டே வரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்பான். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என்ன பஞ்சம்?

மாமனார் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் லைனில் கரகரப்பு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு, காது ஊசி முனையாகிவிட்டது. காரில் பின்சீட்டின் இடதுபக்கம் அவருடைய இடம். ஸ்பீக்கர் சரியாக அவர் காதுக்குப் பின்னால் இருந்தது. அந்த முனகலுக்கு அவர் வைத்த பெயர் கொசு. ஏறி உட்கார்ந்து தெருமுனை திரும்புவதற்குள், "மாப்பிள்ளை, கொசு வந்துடுச்சு. நிறுத்துங்க" என்பார். இவன் கை நீட்டி செட்டை அணைப்பான். அந்தக் குடும்பத்தில் காருக்குள் 'நிறுத்துங்க' என்ற சொல்லுக்கு அது ஒன்றுதான் பொருள். வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் அவர் "ஓரங்கட்டுங்க" என்பார்.

இன்று காலையிலும் அப்படித்தான் நடந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அதே இடத்தில் ஏற்றினான். மனைவியும் மாமியாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஆட்டோவில் பின்னால் வருவதாகச் சொன்னார்கள். காத்திருக்கப் பொறுமையில்லாமல் அவன் கிளம்பிவிட்டான். சாவியைத் திருகினால் செட்டும் தானாக உயிர் பெற்றுவிடும். யாரோ செய்தி வாசித்தார்கள். அணைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் போதும், அங்கே இதயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மனதில் அது ஒன்றுதான் ஓடியது.

"நிறுத்துங்க, மாப்பிள்ளை."

அவன் செட்டை அணைத்தான். சிக்னலைத் தாண்டி வண்டி வேகம் எடுத்தபோது மறுபடியும் பின்னாலிருந்து குரல் வந்தது. இந்த முறை 'மாப்பிள்ளை' இல்லை.

"நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன் மாமா" என்றான். கொஞ்சம் எரிச்சலோடுகூடச் சொன்னான். உயிர் போகிற நேரத்தில் இந்தக் கொசுவா பெரிசு என்று நினைத்தான். இடதுபக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் போர்டு கடந்து போனது. அதன்பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியில் பார்த்தான். ஜன்னலில் தலை சாய்த்திருந்தார். பரவாயில்லை, சத்தம் நின்றதும் ஆளுக்குக் கொஞ்சம் நிம்மதி என்று நினைத்துக்கொண்டே மீதி தூரத்தையும் ஓட்டினான்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர் ஒருவர், "வழியிலேயே போயிட்டார்" என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு, "பக்கத்துல எங்கேயாவது காட்டி ஒரு ஊசி போட்டிருந்தா..." என்று ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

அப்போதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, நாற்காலிகளை இறக்கி, ஐஸ் பெட்டிக்குக் கரன்ட் இழுத்துக் கொடுத்து, முகம் கழுவக் குனிந்தபோதுதான் உறைத்தது. செட்டைத்தான் அணைத்துவிட்டோமே, பிறகு அவர் எதை நிறுத்தச் சொன்னார்?

தண்ணீர் குழாயிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. நேராகக் காருக்கு வந்து படுத்தவன்தான்.

அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க அவனுக்கு ஒரே ஒரு வழி இருந்தது. ஸ்பீக்கருக்குச் சத்தத்தைக் கூட்டி அனுப்புகிற, டிக்கியில் இருக்கிற ஆம்ப்ளியை எழுப்புவதற்கென்று ஒரு சின்ன வயர் உண்டு. அதைச் செட்டோடு இணைத்திருந்தால், செட்டை அணைத்ததும் ஆம்ப்ளியும் தூங்கிவிடும், கொசுவும் செத்துவிடும். அவசரத்தில் சாவியோடு இணைத்திருந்தால், செட்டை அணைத்தாலும் ஆம்ப்ளி விழித்துக்கொண்டே இருக்கும். பாட்டு நிற்கும், கொசு நிற்காது. அப்படியென்றால் மாமா இரண்டாவது தடவை சொன்னதும் கொசுவைத்தான். வண்டியை அல்ல. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியை அல்ல.

தன் வண்டிக்குத் தானே போட்ட வயர். எதோடு இணைத்தோம் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சாவியோடு இணைத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அந்த நீல வயரைப் பிடித்துக்கொண்டு போனான். கரன்ட் வயர்களுக்கு நடுவே புகுந்து, டேப் சுற்றிய இடத்தைத் தாண்டி, அது போய்ச் சேர்ந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தான். செட்டின் பின்பக்கம். அழகாக, அவன் கடையில் எல்லோருக்கும் செய்வதுபோலவே, முறையாக இணைத்திருந்தான். வாழ்க்கையில் தன் வண்டிக்கு அவன் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஆனாலும் விடவில்லை. சில ஆம்ப்ளிகள் சூடேறினால் தூங்காமல் அடம்பிடிக்கும். அதனால்தான் எஞ்சினை ஓடவிட்டான். செட்டைப் போட்டான், கொசு வந்தது. செட்டை அணைத்தான், போய்விட்டது. அணைத்தபடியே வைத்து ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்தான். வைப்பரை ஓட்டினான். ஏ.சி.யை முழுதாக வைத்தான். ஸ்பீக்கர் வயரைப் பிடித்து ஆட்டினான். எர்த் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முறுக்கினான். எத்தனையோ வண்டிகளில் இரைச்சலை ஒழிக்கப் போராடியவன், ஒரு இரைச்சல் வராதா என்று பிச்சைக்காரன் மாதிரி காத்துக்கிடந்தான். மற்ற நாளில் வேண்டாம் வேண்டாம் என்றாலும் வருகிற சனியன் இன்று வரவே இல்லை.

"என்ன பண்ணிட்டு இருக்கீங்க?"

மனைவி நின்றுகொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கி, தலைமுடி கலைந்து, பார்க்கவே வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

"ஏங்க, எல்லாரும் பாக்கிறாங்க. சித்தப்பா என் மூஞ்சியைப் பாக்க முடியாம அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறார். அப்பா உள்ள கிடக்கிறார். இன்னிக்குத்தானா உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்துச்சு?"

அவன் இறங்கி, ஓட்டுநர் கதவைத் திறந்து பிடித்தான்.

"உக்காரு."

"எதுக்கு?"

"ஒரு நிமிஷம். உக்காந்து ஆக்ஸிலேட்டரை மிதி. நான் பின்னாடி உக்காந்து கேக்கணும். முன்னாடி இருந்தா எஞ்சின் சத்தத்துல சரியாத் தெரியல."

திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தான். அவன் முகத்தில் எதைப் பார்த்தாளோ, புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பின்கதவைத் திறந்தான். இடதுபக்க இருக்கையில் மாமனார் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை இன்னும் கிடந்தது. அதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவர் சாய்ந்த மாதிரியே ஜன்னலில் சாய்ந்தான். ஸ்பீக்கர் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"செட்டு ஆஃப்ல தானே இருக்கு?"

"ஆமா."

"மிதி."

மிதித்தாள். எஞ்சின் ஏறியது. அவன் கண்ணை மூடிக் கேட்டான்.

"இன்னும்."

வண்டி முழுக்க அதிர்ந்தது. ஸ்பீக்கரின் வலையில் காதை ஒட்டவைத்தான். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை. எந்த வாடிக்கையாளரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சுத்தமான அமைதி.

"போதும்" என்றான்.

அவள் காலை எடுத்தாள். கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வண்டியில ஏதாவது பேசினாரா?"

ஆஸ்பத்திரியில் மாமியாரும் இதையே கேட்டாள். இல்லை என்று அப்போது தலையாட்டிவிட்டான். இப்போது தலையாட்ட முடியவில்லை.

"நிறுத்துங்கன்னு சொன்னார்."

"ம்."

"ரெண்டு தடவை சொன்னார்."

"எதை?"

ஒற்றைச் சொல். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். உண்மை அவன் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லிவிட்டால் இந்த முகம் இனி தன்னை எப்படிப் பார்க்கும் என்று நினைத்தான். சாப்பாடு போடும்போது, கதவைத் திறக்கும்போது, பக்கத்தில் படுத்திருக்கும்போது. பயமாக இருந்தது.

"சத்தத்தைத்தான்" என்றான். "கொசுவை."

அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவளிடமிருந்து வெடித்து வந்தது. ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், அழுதாள்.

"அய்யோ அப்பா! சாகிறப்பக்கூடக் கொசுவா!" என்றாள். "அதனாலதான் இதைப் பிடிச்சுத் தொங்கிட்டு இருக்கீங்களா? நான் ஒரு பைத்தியக்காரி, என்னென்னமோ சொல்லிட்டேனே."

இறங்கி, பின் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் தலையைத் தடவிவிட்டு உள்ளே ஓடினாள். அந்தக் கை பட்ட இடத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது அவனுக்கு. அந்தத் தடவலுக்குத் தான் யோக்கியதை உள்ளவனாக அவனுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூடத்தில் அழுகை அடங்கி, வேறொரு சலசலப்பு எழுந்தது. யாரோ ஒரு பெண் சிரித்தாள். "அந்த மனுஷன் காது இருக்கே!" என்று இன்னொரு குரல். காலையிலிருந்து அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை. வாசல்வரை அது பரவியது. தையல்காரர் எழுந்து காரின் பக்கம் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, விஷயம் தெரியாம நாக்குல நரம்பில்லாமப் பேசிட்டேன்" என்றார். சித்தப்பா அவன் தோளில் கைவைத்து, "எங்க அண்ணன் கடைசியாக் கேட்டதைச் செஞ்சு குடுத்துட்டீங்க. பெத்த பிள்ளைகூடச் செய்ய மாட்டான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

இனி இதுதான் கதை. மைத்துனன் வந்ததும் அவனிடம் சொல்வார்கள். நாளை வருகிறவர்களிடம் சொல்வார்கள். வருஷா வருஷம் யாராவது ஆரம்பிப்பார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், இவனும் கூடச் சிரிக்க வேண்டியிருக்கும். ஒரு பொய்க்கு இத்தனை நல்ல வரவேற்பு கிடைக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

கழற்றிய பாகங்களை மாட்டத் தொடங்கினான். செட்டை அதன் இடத்தில் தள்ளிப் பொருத்திக்கொண்டிருந்தபோது மாமியார் வாசலில் வந்து நின்றாள். இரண்டு பெண்கள் தாங்கிப் பிடிக்க வந்தார்கள். வேண்டாம் என்று கையை விலக்கிவிட்டு, தானே படியிறங்கிக் காரின் அருகே வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

"அவ சொன்னா" என்றாள்.

"ம், அத்தை."

"ரெண்டு தடவை சொன்னாராமே."

"ஆமா அத்தை."

"முதல் தடவை சொன்னதும் நிறுத்தலையா?"

"நிறுத்திட்டேன் அத்தை. உடனே நிறுத்திட்டேன்."

அவள் காரின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டாள். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது.

"அப்புறம் எதுக்கு ரெண்டாவது தடவை?"

அவன் கையில் இருந்த திருகாணி கீழே விழுந்து இருக்கைக்கு அடியில் உருண்டது. குனிந்து தேடுவதுபோல் தேடினான். நிமிர்ந்தபோது அவள் அதே இடத்தில்தான் நின்றாள்.

"எந்த இடத்துல சொன்னார், அதை?"

"சிக்னல் தாண்டி."

"அவரோட டாக்டர் இருக்கிற இடத்துக்கிட்ட" என்றாள். அது கேள்வி இல்லை.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவருக்கென்று ஒரு டாக்டர் இருந்தது அவனுக்குத் தெரியாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து வாங்கிக்கொள்கிறார் என்று தெரியும். எங்கே என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் பின்கதவைத் திறந்தாள். தலையணையை எடுத்து ஒருமுறை பார்த்தாள். பிறகு ஏறி, இடதுபக்கம் உட்கார்ந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டாள்.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க."

"அத்தை..."

"அவர் ரெண்டாவது தடவை சொன்னப்ப எப்படி இருந்துச்சோ, அப்படியே வைங்க."

அவன் முன்னால் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகினான். செட்டின் விளக்கு எரிந்தது. ஙொய் என்று அது ஆரம்பித்தது. விரலை நீட்டி அணைத்தான். காலை ஆக்ஸிலேட்டரில் வைத்து, காலையில் சிக்னலைத் தாண்டியபோது மிதித்த அளவுக்கு மெல்ல மிதித்தான். எஞ்சின் ஏறி ஒரு நிலையில் நின்றது.

சித்தப்பா வாசலிலிருந்து இவர்களைப் பார்த்து, "பாவம், கேக்கணும்னு ஆசைப்படுறாங்க போல" என்று யாரிடமோ சொன்னார்.

அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை. பார்க்காமலே, அவள் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டது தெரிந்தது. புடவை இருக்கையில் உரசும் சத்தம், வளையல் ஒன்று கண்ணாடியில் பட்ட சத்தம், பிறகு அதுவும் இல்லை. அவள் நெடுநேரம் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலையே, மாப்பிள்ளை."

"இல்ல அத்தை" என்றான்.

அவள் இறங்கவில்லை. அவனும் எஞ்சினை அணைக்கவில்லை.